ஓடுபாதை யாருடைய நிலத்தில்? ஜிப்ரால்டர் விமான நிலையமும் இரண்டு சோதனை மேசைகளும்

2025 ஜூன் 11ஆம் திகதி பிரஸ்ஸல்ஸ் நகரில், பிரித்தானியாவின் ஆள்புலமான ஜிப்ரால்டர் பற்றிப் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஓர் உடன்பாட்டை எட்டின. செய்தியில் வந்தது இரண்டே விஷயம்தான். ஜிப்ரால்டருக்கும் ஸ்பெயினுக்கும் இடையே தரைவழிச் சோதனை நிறுத்தப்படும். ஜிப்ரால்டர் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களை ஸ்பெயின் அதிகாரிகளும் சோதிப்பார்கள்.

முதல் விஷயத்தை மட்டும் கேட்டவருக்கு எல்லையே அழிந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டாவதை மட்டும் கேட்டவருக்கு ஊரையே ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டதாகத் தோன்றும். இரண்டும் தவறு. எல்லைச் சோதனை வேலியடியிலிருந்து விமான நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது ஏன் விமான நிலையத்துக்குப் போக வேண்டும், அதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று கேட்டால், ஓடுபாதை போடப்பட்டிருக்கும் அந்தத் துண்டு நிலத்தின் கதைக்குப் போகாமல் பதில் கிடைக்காது.

ஒரு தோட்டமளவு ஊர்

ஸ்பெயினின் தெற்குக் கரையில், மத்தியதரைக் கடல் அத்திலாந்திக் சமுத்திரத்தோடு சேரும் நீரிணையின் வாசலில் ஜிப்ரால்டர் இருக்கிறது. பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறத்தாழ 680 ஹெக்டேர். பல டிவிசன்கள் உள்ள பெரிய தேயிலைத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு இடத்துக்குள் சுமார் 34,000 மக்கள், ஒரு துறைமுகம், ஒரு நாடாளுமன்றம், ஒரு சர்வதேச விமான நிலையம்.

நிலத்தின் பெரும்பகுதி ஒற்றைப் பாறை. உயரம் 426 மீட்டர். படங்களில் பிரமாண்டமாகத் தெரியும், ஆனால் நம்முடைய கண்டி நகரமே அதைவிட உயரத்தில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுவர்போல ஒரே மூச்சில் எழும்புவதால்தான் பாறைக்கு அந்தத் தோற்றம்.

பாறையின் வடக்கு அடிவாரத்திலிருந்து ஸ்பெயின் வரை தட்டையான மணல் நிலம் ஒன்று ஓடுகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒடுங்கிய தரை. இப்படிப்பட்ட இணைப்பு நிலத்தைப் பூசந்தி என்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆனையிறவு எப்படியோ, ஜிப்ரால்டருக்கு இந்தப் பூசந்தி அப்படி. அதன் வடக்கே ஸ்பெயினின் லா லினியா என்ற ஊர். ஓடுபாதை இந்தப் பூசந்தியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஊரிலிருந்து ஸ்பெயினுக்கு எந்த வழியாகப் போனாலும் ஓடுபாதையைத் தாண்டாமல் போக முடியாது.

குதிரைப் பந்தயத் திடலில் ஓர் ஓடுபாதை

இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த இடத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. முதலில் அவசரத் தரையிறக்கத்துக்கென்று அதைப் பயன்படுத்தினார்கள். போர் வந்ததும் பெரிய விமானங்களுக்கு நீளம் போதவில்லை. பூசந்தியின் அகலமோ அவ்வளவுதான். அதே காலத்தில் பிரித்தானிய இராணுவம் பாறைக்குள் சுரங்கப் பாதைகள் வெட்டிக்கொண்டிருந்தது. இன்று அந்தச் சுரங்கங்களின் மொத்த நீளம் 50 கிலோமீட்டருக்கும் மேல். வெட்டியெடுத்த கல்லைக் கொண்டுபோய் மேற்குப் பக்கக் கடலில் கொட்டி, ஓடுபாதையை வளைகுடாவுக்குள் நீட்டினார்கள். 1942 நவம்பரில் நேச நாடுகள் வட ஆபிரிக்காவில் படை இறக்கியபோது ஜெனரல் ஐசன்ஹோவர் இந்தச் சுரங்கங்களுக்குள் இருந்துதான் கட்டளையிட்டார். வெளியே ஓடுபாதை ஓரமெல்லாம் போர் விமானங்கள்.

இன்று ஓடுபாதையின் நீளம் 1,777 மீட்டர். கட்டுநாயக்கவின் ஓடுபாதை இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரு முனையிலும் கடல் என்பதால் விமானியிடம் தவறுக்கு இடமில்லை. காற்றும் லேசுப்பட்டதல்ல. தென்மேற்கிலிருந்து பலமாக வீசினால் பாறையில் மோதிச் சுழன்று ஓடுபாதை மேல் விழும். கணவாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அப்படியான நாட்களில் விமானம் ஸ்பெயினின் மலாகா நகருக்குத் திருப்பப்படும். பயணிகள் அங்கிருந்து பஸ்ஸில் வர வேண்டியதுதான்.

இந்த விமான நிலையம் உலகப் புகழ் பெற்றது இன்னொரு காரணத்தால். ஊரையும் ஸ்பெயினையும் இணைக்கும் பிரதான வீதி, வின்ஸ்டன் சேர்ச்சில் அவெனியூ, ஓடுபாதையின் நடுவே குறுக்கே போனது. விமானம் வரும்போது தடுப்பைப் போட்டு வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். மலைநாட்டு ரயில் பாதையில் கேட் போட்டால் இரண்டு பக்கமும் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் நிற்குமே, அதே காட்சிதான், ரயிலுக்குப் பதில் ஜெட் விமானம். 2023 மார்ச் 31ஆம் திகதி ஓடுபாதையின் கிழக்கு முனைக்குக் கீழே சுரங்க வீதி திறக்கப்பட்டபின் வாகனங்கள் அதன் வழியே போகின்றன. பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒப்பந்தக் கம்பெனியோடு வழக்கு என்று இழுபட்டு அன்றைக்குத்தான் முடிந்தது.

"சர்வதேச" என்றால் என்ன?

இந்தச் சொல்லில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. பெரிய ஓடுபாதை, பெரிய கட்டடம், பெரிய விமானம் இருந்தால் சர்வதேச விமான நிலையம் என்று நினைக்கிறோம். சட்டப்படி அளவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1944இன் சிக்காகோ உடன்படிக்கையின் கீழ் வரும் விதிகளின்படி, வெளிநாட்டுப் போக்குவரத்துக்கு நுழைவாயிலாக ஓர் அரசு குறித்துக் கொடுக்கும் விமான நிலையமே சர்வதேச விமான நிலையம். அங்கே சுங்கம், குடிவரவு, சுகாதாரம், விலங்கு–தாவரத் தடுப்புக்காப்பு ஆகிய சோதனைகள் நடக்க வேண்டும்.

நம் நாட்டையே பார்க்கலாம். பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வந்து இறங்கியது சிறிய ஏ.டி.ஆர். விமானம். மத்தளயில் 3,500 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது, விமானங்களைத்தான் தேட வேண்டும். இரண்டும் சட்டத்தின் முன் ஒரே வகை.

ஆக, சர்வதேச விமான நிலையத்தின் உயிர் ஓடுபாதையில் இருப்பதைவிடக் குடிவரவு மேசையில் இருக்கிறது. அந்த மேசையில் எந்த நாட்டு அதிகாரி உட்காருகிறார், எந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து முத்திரை குத்துகிறார் என்பதே கேள்வி. ஜிப்ரால்டரில் இது இன்னும் சிக்கல். அது பிரித்தானியாவின் கடல்கடந்த ஆள்புலம், ஆனால் பிரித்தானியாவின் ஒரு பகுதி அல்ல. லண்டனிலிருந்து வருகிறவரும் அங்கே கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஓடுபாதை பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சுடையது, பயணிகள் முனையத்தை நடத்துவது ஜிப்ரால்டர் அரசாங்கம். வீட்டுக்காரர் ஒருவர், கடை வைத்திருப்பவர் இன்னொருவர், காணிக்கு உரிமை கோருபவர் மூன்றாமவர்.

1713இல் எழுதாமல் விட்டது

1704இல் ஆங்கிலேய–டச்சுப் படை ஜிப்ரால்டரைப் பிடித்தது. 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவில் நகரத்தையும் கோட்டையையும், துறைமுகத்தையும் அரண்களையும் ஸ்பெயின் பிரித்தானிய முடிக்குக் கொடுத்தது. பூசந்தி அந்தப் பட்டியலில் இல்லை. அன்று அந்த மணல்வெளி யாருக்கும் பெரிதாகத் தேவைப்படவும் இல்லை.

இதிலிருந்து இரண்டு வாதங்கள் பிறந்தன.

1. ஸ்பெயினின் வாதம்: நாங்கள் கொடுத்தது பாறையும் நகரமும். பூசந்தியை ஒருபோதும் கொடுக்கவில்லை. 1815இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, நோயாளிகளுக்குத் தற்காலிக முகாம் போட மனிதாபிமானத்தோடு இடம் கொடுத்தோம். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. பிறகு 1909இல் வேலியும் போட்டார்கள். ஆகவே விமான நிலையம் இருப்பது எங்கள் மண்ணில்.

2. பிரித்தானியாவின் வாதம்: நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ச்சியாக நாங்கள்தான் ஆண்டு அனுபவிக்கிறோம். நீண்டகால அனுபோகம் உரிமையாகும்.

காணி வழக்கு பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு வாதமும் பழக்கமானவைதான். ஒருவர் உறுதியைக் காட்டுகிறார், மற்றவர் அனுபோகத்தைக் காட்டுகிறார். வித்தியாசம் என்னவென்றால், இரண்டு அரசுகளுக்கிடையே உள்ள இந்த வழக்குக்கு இதுவரை எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால் விமான நிலையம் பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் ஸ்பெயினுக்கு ஒரு பயம்: ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், பூசந்தி பிரித்தானியாவுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ? பிரித்தானியாவுக்கும் அதே பயம், மறுபக்கமாக.

பூட்டிய கேட்

ஜிப்ரால்டர் மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1967இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் பிரித்தானியாவோடு இருக்க 12,138 பேரும் ஸ்பெயினோடு சேர 44 பேரும் வாக்களித்தார்கள். அந்த நேரத்தில் ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோ அதே ஆண்டு அருகிலிருந்த வான்பரப்பில் தடை விதித்தார். 1969இல் எல்லைக் கேட்டையே பூட்டிவிட்டார்.

வேலிக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள் என்று குடும்பங்கள் பிரிந்தன. வேலியின் இரு புறமும் நின்று ஒருவருக்கொருவர் கத்திப் பேசினார்கள். கண்ணுக்குத் தெரிகிற லா லினியாவுக்குப் போக, கடல் தாண்டி மொரோக்கோவின் டான்ஜியர் போய்ச் சுற்றி வர வேண்டியிருந்தது. 1982 டிசம்பரில் கால்நடையாகப் போக அனுமதி கிடைத்தது. முழுமையாகத் திறந்தது 1985 பெப்ரவரியில்தான்.

இந்தப் பதினாறு ஆண்டுகளை விட்டுவிட்டு ஜிப்ரால்டர் மக்களின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வேலி பூட்டப்பட்டிருந்த காலத்தில் விமான நிலையம் அவர்களுக்கு மூச்சுக் குழாய். அதன் சாவியில் பாதியை ஸ்பெயினிடம் கொடு என்றால் ஏன் சிலிர்த்தெழுந்தார்கள் என்பது இங்கிருந்துதான் விளங்கும்.

1987: வீட்டுக்காரரைக் கேட்காமல் எழுதிய ஒப்பந்தம்

1986இல் ஸ்பெயின் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. ஐரோப்பாவுக்குள் விமான சேவையைத் தாராளமாக்கும் திட்டம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. ஜிப்ரால்டரை அதில் சேர்க்க ஸ்பெயின் சம்மதிக்கவில்லை. தீர்வாக 1987 டிசம்பர் 2ஆம் திகதி லண்டனும் மாட்ரிட்டும் ஓர் ஒப்பந்தம் செய்தன. வேலிக்கு வடக்கே ஸ்பெயின் தனக்கென ஒரு முனையம் கட்டிக்கொள்ளும், அங்கே போகும் பயணி ஜிப்ரால்டரின் குடிவரவைத் தொடாமலே ஸ்பெயினுக்குள் போகலாம். இதை நடைமுறைப்படுத்த ஜிப்ரால்டரின் சட்டசபை சட்டம் இயற்ற வேண்டும். அதுவரை ஐரோப்பிய விமானச் சட்டம் ஜிப்ரால்டருக்குப் பொருந்தாது.

காகிதத்தில் பார்த்தால் நடைமுறைக்கு ஏற்ற யோசனைதான். ஆனால் ஒப்பந்தக்காரர் இருவர், ஊர்க்காரர் மூன்றாமவர். சட்டசபை மறுத்தது. 1988 மார்ச் தேர்தலில் ஒப்பந்தத்தை எதிர்த்த ஜோ பொசானோ வென்று முதலமைச்சரானார். ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். 1993இல் அந்த வழக்கு விசாரணைக்கு ஏற்கத்தக்கதல்ல என்று தள்ளப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எதுவும் நகரவில்லை.

மலையக வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு ஒப்பந்தம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கொழும்பும் புது தில்லியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்கள் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. கையெழுத்திட்ட மேசையில் அந்த மக்களின் பிரதிநிதி எவரும் இல்லை. இரண்டு சம்பவங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இங்கே பங்கிடப்பட்டவர்கள் மனிதர்கள், அங்கே ஓர் ஓடுபாதை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத்தான் வேண்டும். ஜிப்ரால்டர் மக்களிடம் வாக்கு இருந்தது, "முடியாது" என்று சொல்ல ஒரு சபை இருந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத்து லயன்களில் இருந்த பெரும்பாலானவர்களிடம் அது இருக்கவில்லை. அதனால் ஜிப்ரால்டர் ஒப்பந்தம் காகிதத்திலேயே தங்கிவிட்டது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ மக்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறியது.

2006: மூன்றாவது நாற்காலி

மாற்றம் வந்தது மேசையைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளில். பிரித்தானியா, ஸ்பெயின், ஜிப்ரால்டர் என்று மூன்று தரப்பும் சமமாக உட்காரும் பேச்சுவார்த்தை மன்றம் அமைந்தது. 2006 செப்டெம்பர் 18ஆம் திகதி ஸ்பெயினின் கோர்டோபா நகரில் ஜிப்ரால்டர் முதலமைச்சர் பீட்டர் கருவானாவும் ஒரு தரப்பாக நின்று உடன்பாடு கண்டார். இறைமை பற்றிய எந்தத் தரப்பின் நிலைப்பாட்டையும் இந்த உடன்பாடு பாதிக்காது என்ற வாசகம் அதில் இருந்தது. அந்த ஒரு வாசகம்தான் இரு தரப்பின் பயத்தையும் ஆற்றியது.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி ஐபீரியா விமானம் மாட்ரிட்டிலிருந்து முதல் முறையாக வந்து இறங்கியது. 2011இல் வேலியை ஒட்டினாற்போல் புதிய முனையம் திறக்கப்பட்டது. வேலிக்கு வடக்கே போகிறவர்களுக்கும் உதவ வேண்டும் என்பதே அந்த இடத்தில் கட்டியதன் நோக்கம். இதில் ஒரு வேடிக்கை: அரசியல் தடை நீங்கியதும் வியாபாரத் தடை வந்தது. மாட்ரிட் சேவைக்குப் போதிய பயணிகள் இல்லை. ஐபீரியா 2008இலேயே நிறுத்திக்கொண்டது. ஜிப்ரால்டருக்கு வரும் விமானங்களில் ஏறக்குறைய எல்லாமே பிரித்தானிய நகரங்களிலிருந்து வருபவை என்ற பழைய நிலைமைக்கே திரும்பிவிட்டது.

பிரெக்ஸிட் வந்து கலைத்தது

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகுவதா என்ற 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில், ஜிப்ரால்டரில் வாக்களித்தவர்களில் 96 வீதமானோர் ஒன்றியத்தில் இருக்கவே விரும்பினார்கள். பிரித்தானியா வெளியேறியது, அவர்களும் கூடவே வெளியேற வேண்டியதாயிற்று. அதனால் அந்த வேலி ஒன்றியத்தின் வெளி எல்லையாக மாறியது. வேலைக்காக அதைத் தினமும் தாண்டுகிறவர்கள் சுமார் 15,000 பேர். ஒவ்வொருவருக்கும் கடவுச்சீட்டில் முத்திரை என்றால், காலைப் பெரட்டுக்கு யாரும் போய்ச் சேர முடியாது.

இங்கே ஷெங்கன் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவின் 29 நாடுகள் தமக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்டு, வெளி எல்லையில் மட்டும் ஒரே விதியோடு சோதிக்கும் ஏற்பாடு அது. உள்ளே கதவுகள் இல்லாத பெரிய வீடு, ஆகவே வாசல் கதவில் கண்டிப்பு அதிகம். வேலியை எடுத்துவிட்டால் ஜிப்ரால்டரும் அந்த வீட்டின் ஓர் அறை மாதிரி ஆகிவிடும். அப்போது வாசல் எங்கே? துறைமுகத்திலும் விமான நிலையத்திலும்.

2025 உடன்பாட்டின் தர்க்கத்தைப் படிப்படியாக இப்படி அடுக்கலாம்:

1. தரை எல்லையில் ஆள் சோதனை நின்றுபோகும்.
2. விமானத்தில் வருகிறவர் முதலில் ஜிப்ரால்டர் அதிகாரியிடம் போவார். அவர் ஜிப்ரால்டர் சட்டப்படி பார்ப்பார்.
3. அடுத்த மேசையில் ஸ்பெயின் அதிகாரி. அவர் ஷெங்கன் விதிப்படி பார்ப்பார்.
4. இறைமைக் கோரிக்கை இருந்த இடத்திலேயே இருக்கும். 2006இன் அதே உத்தி.

ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு இடத்தில் உட்கார்ந்து சோதிப்பது புதிதல்ல. லண்டனில் ரயில் ஏறும்போதே பிரான்ஸ் பொலிஸார் கடவுச்சீட்டைப் பார்க்கிறார்கள். அபுதாபியில் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறவர்களை அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே சோதிக்கிறார்கள். அதனால் அபுதாபி அமெரிக்காவாகிவிடவில்லை. ஆனால் லண்டன் ரயில் நிலையத்தின் மேல் பிரான்ஸ் உரிமை கோரவில்லை. ஜிப்ரால்டரில் அடுத்த மேசைக்காரர் அந்தக் காணிக்கே உரிமை கோருபவர். ஊர்க்காரர்களின் நெருடல் முழுக்க அந்த இடத்தில்தான்.

இதனால் யாருக்கு என்ன?

லா லினியாவிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் முதல் லாபம். வேலையின்மை அதிகமான அந்த ஊருக்கு ஜிப்ரால்டர் சம்பளம் பெரிய ஆதாரம். விமான நிலையத்துக்கு வரக்கூடியது வேறு வகை லாபம்: ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேரடி விமானங்களுக்கு வழி திறக்கிறது. ஐபீரியாவின் பழைய அனுபவத்தை வைத்துப் பார்த்தால், வழி திறப்பதும் இருக்கை நிரம்புவதும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது. இம்முறை உள்ள வேறுபாடு, இறங்கியதும் தடையின்றித் தென் ஸ்பெயினுக்குள் போகலாம் என்பதுதான்.

பிரித்தானியர்களுக்கு இது சுருக்கு. ஜிப்ரால்டரில் வசிக்காத பிரித்தானியர் அங்கே தங்கும் நாட்கள், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் என்ற ஷெங்கன் கணக்கில் சேரும். தங்கள் கொடி பறக்கும் இடத்துக்குப் போவதற்கு ஐரோப்பாவின் நாட்கணக்கைப் பார்க்க வேண்டும்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு உள்ள பாதிப்பு எளிமையானது, ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடியது. இரண்டு மேசைகளில் ஒன்றில் மட்டும் தேறினால் போதாது. முதல் மேசையைத் தாண்டினாலும், இரண்டாவதில் ஷெங்கன் அனுமதியைக் கேட்பார்கள். வேலி இல்லை என்பதற்காக வழி சோதனையின்றித் திறந்துவிடவில்லை. சோதனை விமானப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, அங்கே நிறுத்தப்பட்டால் அதே விமானத்தில் திரும்ப வேண்டியதுதான்.

ஹட்டனிலோ பதுளையிலோ யாராவது "ஜிப்ரால்டருக்கு விசா எடுத்துத் தருகிறேன், அங்கிருந்து ஸ்பெயினுக்கு நடந்தே போகலாம்" என்று சொன்னால், இரண்டு விஷயம் கேளுங்கள்: அவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, ஷெங்கன் விசாவை எந்த நாட்டுத் தூதரகம் கொடுக்கப்போகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் வராமல் முற்பணம் கட்ட வேண்டாம்.